ஒட்டிப் பிறந்த சிறுநீரகங்கள்

கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கப் போயிருப்பார். வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டிருந்த மருத்துவர், தொப்புளுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். வெளியே வந்து அறிக்கையைப் பிரித்தால், கல்லைப் பற்றிய வரிக்கு மேலே இன்னொரு வரி இருக்கும்: ‘ஹார்ஸ்ஷூ கிட்னி’. ஐம்பது வயதுவரை ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்த மனிதருக்கு, தன் இரண்டு சிறுநீரகங்களும் குதிரை லாடம் போல ஒன்றாக ஒட்டியிருக்கின்றன என்பது அன்றுதான் தெரியவரும். இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். “பிறவியிலேயே இப்படின்னா, பின்னால கேன்சர் கீன்சர் வந்துடாதே?”

நியாயமான கேள்வி. ஆனால் ‘வரும்’ என்றோ ‘வராது’ என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்ல முடியாது. ‘எந்தப் புற்றுநோய்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய்கள் ஒரே வீட்டில் குடியிருக்கும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஒவ்வொன்றும் எந்தச் செல்லிலிருந்து கிளம்பியது என்று தெரிந்தால்தான், லாடச் சிறுநீரகம் அதற்குக் காரணமா, அல்லது அது வந்து சேர்ந்த இடம் மட்டும்தானா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில், ஒட்டியது எப்படி என்று பார்ப்போம்.

தாயின் வயிற்றில் நமக்குச் சிறுநீரகம் மூன்று முறை உருவாகிறது. நான்காவது வாரத்தில் கழுத்துப் பகுதியில் முதல் சோடி தோன்றி, ஒரு வேலையும் செய்யாமலே மறைகிறது. அதற்குக் கீழே இரண்டாவது சோடி வந்து, சில வாரம் வேலை பார்த்துவிட்டுத் தேய்ந்துபோகிறது. ஐந்தாவது வாரத்தில், இடுப்புக் குழியின் அடியில் மூன்றாவது சோடி உருவாகத் தொடங்குகிறது. நம்மோடு கடைசிவரை இருப்பது அதுதான்.

இந்த மூன்றாவது சிறுநீரகம் இரண்டு தரப்புகளின் கூட்டு முயற்சி. ஒரு பக்கம், இரண்டாவது சோடியின் பழைய குழாயிலிருந்து கிளைக்கும் ஒரு மொட்டு. மறுபக்கம், அந்த மொட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு திசுக் குவியல். இதைச் ‘சிறுநீரக முளைத்திசு’ என்று சொல்லலாம். மொட்டு குவியலுக்குள் நுழைந்து மரம் போலக் கிளைவிடுகிறது. கிளைகளின் நுனி தொட்ட இடத்திலெல்லாம் முளைத்திசு திரண்டு நுண்வடிகட்டியாக மாறுகிறது. மொட்டின் கிளைகள் சிறுநீரைச் சேகரிக்கும் குழாய்களாகின்றன, முளைத்திசு வடிகட்டிகளாகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள் இப்படித்தான் உண்டாகின்றன. முளைத்திசு முழுவதும் தீர்ந்துபோவதுதான் ஒழுங்கு. தீராமல் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இடுப்பில் தோன்றிய சிறுநீரகங்கள் ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் விலாவுக்கு அருகே போய்ச் சேர்கின்றன. அவை ஏறுகின்றன என்று பாடநூல்கள் சொல்லும். உண்மையில் கருவின் கீழ்ப்பகுதி வேகமாக நீள்வதால்தான் அவை மேலே போனது போல் ஆகிறது. போகும் வழியில், அந்தந்த உயரத்தில் உள்ள இரத்தக்குழாயிலிருந்து இரத்தம் வாங்கிக்கொள்கின்றன. மேலே போனதும் கீழே இருந்த இணைப்பு அறுந்து புதிய இணைப்பு வருகிறது. வாடகை வீடு மாறும்போதெல்லாம் பழைய மின் இணைப்பை விட்டுவிட்டுப் புதியதை வாங்குவது போல.

இடுப்புக் குழி குறுகலான இடம். அங்கே இருக்கும்போதே வலதும் இடதும் நெருங்கி, கீழ்முனையில் ஒட்டிக்கொண்டால் லாட வடிவம் கிடைக்கிறது. ஒட்டிய நிலையில் மேலே போகும்போது ஒரு தடை வரும். பெருந்தமனியிலிருந்து குடலுக்குப் போகும் கீழ்க்குடல் தமனி நடுவில் ஒரு கம்பம் போல முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. கைகோத்தபடி ஓடிவரும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் விளக்குக் கம்பம் வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. கோத்த கை கம்பத்தில் மாட்டிக்கொள்ள, இரண்டும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதனால்தான் லாடச் சிறுநீரகம் வழக்கமான இடத்தைவிடத் தாழ்வாக, முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகக் கிடக்கிறது. கோத்த கைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘இஸ்த்மஸ்’. இரு நிலப்பரப்புகளை இணைக்கும் பூசந்திக்குப் புவியியலில் உள்ள அதே பெயர். நாம் அதைப் பாலம் என்போம்.

இது அபூர்வமான அமைப்பும் இல்லை. 400 முதல் 600 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெண்களைவிட ஆண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கீழ்முனைதான் ஒட்டியிருக்கும். இத்தாலியின் பெரங்காரியோ தா கார்ப்பி என்ற உடற்கூறியலாளர் 1522இலேயே இறந்த உடலொன்றை அறுத்துப் பார்த்தபோது இதைக் கண்டு எழுதினார். ஸ்கேன் கருவிகள் வரும்வரை, இப்படிப் பிறந்த பலர் அது தெரியாமலே வாழ்ந்து முடித்தார்கள்.

பாலம் எப்படி உண்டாகிறது என்பதில் ஒரு திருத்தம் 1988இல் வந்தது. இரண்டு சிறுநீரகங்கள் உரசி ஒட்டிக்கொண்டதால் மட்டும் பாலம் வருவதில்லை என்று, 16 மில்லிமீட்டர் நீளமே இருந்த ஒரு மனிதக் கருவை ஆராய்ந்த இரண்டு அறிவியலாளர்கள் வாதிட்டார்கள். முளைத்திசுவின் பின்பகுதிச் செல்கள் சில வழி தவறி நடுக்கோட்டுக்கு நகர்ந்து வந்து பாலத்தைக் கட்டுகின்றன என்பது அவர்கள் கருத்து. கேட்பதற்குச் சிறிய வேறுபாடு. ஆனால் புற்றுநோயைப் பற்றி யோசிக்கும்போது இது பெரிய வேறுபாடாகிறது. ஒட்டியதால் வந்த பாலம் என்றால் அதிலுள்ளவை சாதாரணச் சிறுநீரகச் செல்கள். வழி தவறி வந்தவை கட்டிய பாலம் என்றால், அதற்குள் வேறு என்னவெல்லாம் வந்து சேர்ந்திருக்கும்?

கருவிலிருந்து மிஞ்சிய செல்கள்தாம் புற்றுநோய்க்கு விதை என்ற எண்ணம் பழையது. 1870களில் ஜெர்மனியின் யூலியுஸ் கோன்ஹைம் அதை ஒரு முழுக் கொள்கையாகவே முன்வைத்தார். கரு வளரும்போது தேவைக்கு மேல் உண்டான செல்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கின்றன; பல ஆண்டு கழித்து அவை விழித்துக்கொண்டு கட்டியாகின்றன என்றார் அவர். குழந்தையின் சிறுநீரகக் கட்டியொன்றில் தசை நார்களைக் கண்டு 1875இல் அவர் எழுதியிருந்தார். சிறுநீரகத்தில் தசைக்கு என்ன வேலை? கருவில் எதுவாகவும் மாறக்கூடிய நிலையில் நின்றுபோன செல் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. 1899இல் மாக்ஸ் வில்ம்ஸ் என்ற அறுவை மருத்துவர் இத்தகைய கட்டிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். குழந்தைகளைத் தாக்கும் அந்தப் புற்றுநோய் இன்றும் ‘வில்ம்ஸ் கட்டி’ என்றே அழைக்கப்படுகிறது.

இதே எண்ணத்தைப் பெரியவர்களின் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் பொருத்திப் பார்த்தார் பால் கிராவிட்ஸ். 1883இல் அவர் கையில் கிடைத்த தடயங்கள் உண்மையிலேயே ஏமாற்றக்கூடியவை. கட்டியை அறுத்தால் உள்ளே கொழுப்பு நிறைந்து மஞ்சளாக இருந்தது. நுண்ணோக்கியில் செல்கள் வெளிறித் தெளிவாகத் தெரிந்தன. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியும் அப்படித்தான் இருக்கும். போதாக்குறைக்கு, அட்ரினல் துணுக்குகள் சிலருக்குச் சிறுநீரக உறைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. எனவே, கருவில் வழி தவறிச் சிறுநீரகத்துக்குள் புகுந்த அட்ரினல் துணுக்கிலிருந்துதான் இந்தப் புற்றுநோய் வருகிறது என்று முடிவு கட்டினார். ‘ஹைப்பர்நெஃப்ரோமா’ என்ற பெயர் அந்த நம்பிக்கையில் வந்தது; சிறுநீரகத்துக்கு மேலே இருப்பதன் கட்டி என்று பொருள். முக்கால் நூற்றாண்டு அந்தப் பெயர் மருத்துவமனை அறிக்கைகளில் புழங்கியது.

அது தவறு. 1960இல் சார்ல் ஓபர்லிங்கும் அவருடைய பிரெஞ்சுக் குழுவினரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தச் செல்களைப் பார்த்தார்கள். செல்லின் ஒரு பக்கத்தில் தூரிகை மயிர் போன்ற நுண்ணிய இழைகள் வரிசையாக நின்றன. வடிகட்டியை ஒட்டி வரும் முதல் குழாய்ப் பகுதியின் செல்களுக்கே உரிய அடையாளம் அது. இழந்த நீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சிக்கொள்வதற்கான அமைப்பு. அட்ரினலுக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரியவர்களின் சிறுநீரகப் புற்றுநோய், வளர்ந்து முடிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழாய்ச் செல்லிலிருந்து கிளம்புகிறது என்பது அன்று உறுதிப்பட்டது.

கோன்ஹைம் பாதி சரி என்பதற்கு இன்னும் தெளிவான சான்று 2018இல் கிடைத்தது. ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன; ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்பதைக் கொண்டு அந்தச் செல் யாரென்று சொல்லலாம். ஒருவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாலே இவர் திருநெல்வேலி, இவர் கோயம்புத்தூர் என்று நாம் கண்டுகொள்வதில்லையா? ஊரைவிட்டு வந்து எத்தனை ஆண்டானாலும், பிழைப்பு எப்படி மாறினாலும், பேச்சில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். புற்றுநோய்ச் செல்லும் தான் பிறந்த இடத்தின் பேச்சை முழுதாக மறப்பதில்லை. இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் கருவின் சிறுநீரகம், குழந்தைகளின், பெரியவர்களின் சிறுநீரகங்கள், கட்டிகள் என்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் ‘பேச்சை’ ஒப்பிட்டார்கள். வில்ம்ஸ் கட்டியின் செல்கள் கருவின் முளைத்திசு போலவே பேசின. பெரியவர்களின் புற்றுநோயோ, வளர்ந்த சிறுநீரகத்தின் முதல் குழாய்ப் பகுதியில் உள்ள, எண்ணிக்கையில் குறைந்த ஒரு வகைச் செல்லின் பேச்சைப் பேசியது. ஒன்று கருவின் மிச்சம். மற்றொன்று வளர்ந்த செல்லின் கேடு.

இந்த இடத்திலிருந்து நம் லாடச் சிறுநீரகக்காரரின் கேள்விக்குத் திரும்பலாம்.

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது, குழாய்ச் செல்களில் பிறக்கும் சிறுநீரகச் செல் புற்றுநோய். உலகில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, பெரும்பகுதி இதுதான். லாடச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறதா? இல்லை என்பதுதான் இதுவரை கிடைத்த விடை. மற்றவர்களுக்கு வரும் அளவுக்குத்தான் வருகிறது. மேலே சொன்னதைக் கொண்டு பார்த்தால் இதில் வியப்பில்லை. லாடச் சிறுநீரகத்தில் வடிகட்டிகளும் குழாய்ச் செல்களும் மற்றவர்களுக்கு இருப்பது போலவேதான் இருக்கின்றன. கிடக்கும் இடமும் வடிவமும்தான் வேறு. வீட்டு வாசல் தெற்கே பார்த்திருந்தாலும் வடக்கே பார்த்திருந்தாலும் அடுப்படியில் நடப்பது ஒன்றுதான்.

அப்படியென்றால் மருத்துவ இதழ்களில் ‘லாடச் சிறுநீரகத்தில் புற்றுநோய்’ என்று இத்தனை கட்டுரைகள் ஏன் வருகின்றன? பள்ளியில் பின்னக் கணக்குப் போட்டோமே, மேலே தொகுதி, கீழே பகுதி. இதழ்களில் வருவதெல்லாம் தொகுதி மட்டுமே. லாடச் சிறுநீரகமும் புற்றுநோயும் ஒன்றாகச் சேர்ந்த நோயாளி ஒருவர் வந்தால், அறுவை கடினமாக இருந்திருக்கும், படங்கள் பார்க்க அரிதாக இருக்கும். மருத்துவர் எழுதி அனுப்புவார். லாடச் சிறுநீரகத்தோடு எண்பது வயதுவரை நலமாக இருந்தவரைப் பற்றி யார் எழுதுவார்கள்? பகுதி கண்ணில் படுவதே இல்லை. பகுதி தெரியாத பின்னத்துக்கு மதிப்பு சொல்ல முடியாது. இணையத்தில் தேடிப் பயந்துபோகும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சிறுநீரகச் செல் புற்றுநோயில் மிகப் பரவலான ‘தெளிசெல்’ வகைக்கு உண்மையான தொடக்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது. மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கையில் வி.எச்.எல். என்ற மரபணு உண்டு. 1993இல் அடையாளம் கண்டார்கள். செல்லுக்கு ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போது, பற்றாக்குறைக் கால ஏற்பாடுகளை நிறுத்தி வைப்பது அதன் வேலை. அது பழுதானால், மின்சாரம் வந்த பிறகும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருப்பது போல, மூச்சுத் திணறும் செல் செய்வதையெல்லாம் மூச்சுத் திணறாத செல் செய்கிறது. ‘இரத்தம் கொண்டுவா’ என்று அக்கம்பக்கத்துக்கு ஓயாமல் ஆணை போகிறது. இந்தப் புற்றுநோயில் இரத்தக்குழாய்கள் மண்டிக் கிடப்பது அதனால்தான். ஆக்ஸிஜனைச் செல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் என்னை மிகவும் உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. அதுவும் 2018இல் வந்தது. கட்டிகளில் சேர்ந்திருக்கும் மரபணுப் பிழைகளை எண்ணி, மர வளையங்களை வைத்து வயது சொல்வது போல, மூன்றாம் குரோமோசோமின் அந்தத் துண்டு எப்போது தொலைந்தது என்று கணக்கிட்டார்கள். அறுபது வயதில் கண்டுபிடிக்கப்பட்ட பலரது புற்றுநோய்க்கு முதல் அடி, அவர்கள் சிறுவர்களாகவோ பதின்ம வயதினராகவோ இருந்தபோதே விழுந்திருந்தது. அப்போது அந்தப் பழுதைச் சுமந்தவை சில நூறு செல்களுக்கு மேல் இராது. பல பத்தாண்டுகள் அவை அப்படியே கிடந்து, அடுத்தடுத்த பழுதுகள் சேர்ந்த பிறகே கட்டியாயின. புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் மூன்றும் இந்தப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது நன்கு நிறுவப்பட்டது. சிறுநீரகம் லாடமாக இருந்தாலும் அவரை விதை போல இருந்தாலும் இது பொது.

வில்ம்ஸ் கட்டியின் கதை வேறு. அது முளைத்திசுவின் மிச்சத்தில் பிறப்பது என்று பார்த்தோம். முளைத்திசு வழி தவறியதால் உண்டானது பாலம் என்றால், லாடச் சிறுநீரகத்தில் இது கூடுதலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பைச் சோதிக்கப் பகுதி தெரிந்த ஒரு கணக்கு வேண்டும். அமெரிக்காவில் 1969 முதல் வில்ம்ஸ் கட்டி வந்த குழந்தைகளைத் தொடர்ந்து பதிவு செய்த தேசிய ஆய்வுக் குழு அதைத் தந்தது. 8,617 குழந்தைகளில் 41 பேருக்கு லாடச் சிறுநீரகம் இருந்தது. அதாவது 210 பேரில் ஒருவருக்கு. பொது மக்களில் 400 பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதிர்பார்த்தது சரி. ஆனால் வில்ம்ஸ் கட்டியே அரிது. அரிதின் இரண்டு மடங்கும் அரிதுதான்.

பெரியவர்களுக்கு வில்ம்ஸ் கட்டி வருவது அதைவிடவும் அபூர்வம். மூன்று, நான்கு வயதில் தலைகாட்டும் நோய் இருபது, முப்பது வயதில் வந்தால் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. பெரியவர்களின் வழக்கமான புற்றுநோய் என்று கருதி அறுவை செய்வார்கள். எடுத்த கட்டி நோய்க்கூறியல் மருத்துவரின் மேசைக்குப் போன பிறகுதான், நுண்ணோக்கியில் அரைகுறையாக உருவான குழாய்களும் முளைத்திசுவும் தெரிந்து உண்மை வெளிவரும். இந்த வேறுபாடு உயிர் காப்பது. இரண்டுக்கும் மருந்து வேறு. வில்ம்ஸ் கட்டி கீமோதெரபிக்கு நன்றாக மசியும்; சிகிச்சை பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பெரியவர்களையும் குழந்தைகளுக்கான முறையில் நடத்தினால் பலன் கூடுகிறது. வழக்கமான சிறுநீரகப் புற்றுநோயோ அந்தக் கீமோதெரபிக்கு ஏறக்குறைய அசைவதே இல்லை.

மூன்றாவது வகை, செல்லின் பிறப்போடு தொடர்பில்லாதது. அதற்குக் காரணம் நீரோட்டம். சாதாரணச் சிறுநீரகம் மேலே போகும்போதே கால்வாசி சுற்று உள்நோக்கித் திரும்பிக்கொள்ளும். லாடச் சிறுநீரகத்தால் அப்படித் திரும்ப முடியாது. சிறுநீர் சேரும் புனல் முன்பக்கம் பார்த்தபடியே நின்றுவிடும். அங்கிருந்து கிளம்பும் சிறுநீர்க்குழாய் பாலத்தின் மேல் ஏறி வளைந்து இறங்க வேண்டியிருக்கிறது. மேட்டில் ஏறி இறங்கும் வாய்க்காலில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் பாசி பிடிக்கும், வண்டல் படியும். இங்கே கிருமித்தொற்றும் கல்லும். லாடச் சிறுநீரகம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது கல் வருகிறது. ஆண்டுக்கணக்கில் கல் உராய்ந்து, தொற்று வந்து வந்து போனால், புனலின் உட்பூச்சுச் செல்கள் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் பிழை நேர வாய்ப்புண்டு. இந்த உட்பூச்சில் தோன்றும் புற்றுநோய் லாடச் சிறுநீரகத்தில் மூன்று, நான்கு மடங்கு கூடுதல் என்று மதிப்பிடப்படுகிறது. பட்டியலில் நாம் ஏதாவது செய்யக்கூடிய இடம் இதுதான். கல்லை விட்டுவைக்காமல் எடுத்து, தொற்றை முழுதாகக் குணப்படுத்தி, தேக்கம் இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். புகை இந்த வகைக்கும் பெரிய காரணம் என்பதால் அதையும் விட வேண்டும்.

கடைசியாக ஒரு விசித்திரம். குடலிலும் நுரையீரலிலும் ஹார்மோன் சுரக்கும் சிறு செல்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் வரும் மெதுவாக வளரும் கட்டிக்குக் கார்சினாய்டு என்று பெயர். சிறுநீரகத் திசுவில் அந்தச் செல்கள் இருப்பதில்லை. ஆனாலும் மிக மிக அரிதாகச் சிறுநீரகத்தில் கார்சினாய்டு வருகிறது. அப்படி வந்தவர்களைத் திரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு லாடச் சிறுநீரகம்! ஐந்நூறு வீடுள்ள ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் சிவப்புக் கதவு. ஆனால் திருட்டுப் போன வீடுகளில் ஆறில் ஒன்று சிவப்புக் கதவு என்றால் சும்மா விடுவோமா? 1997இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டபோது, லாடச் சிறுநீரகத்தில் கார்சினாய்டு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 62 மடங்கு என்று வந்தது. வழி தவறிய செல்களோடு சேர்ந்து வேறு வகைத் திசுவும் பாலத்துக்குள் வந்து மாட்டியிருக்கலாம் என்பது ஒரு கருதுகோள். லாடச் சிறுநீரகம் உள்ளவர்கள் கல்லுக்காக அடிக்கடி ஸ்கேன் எடுப்பதால் கட்டியும் அதிகம் கண்ணில் படுகிறது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. 62 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். உலகம் முழுவதும் தேடியும் நூறை ஒட்டியே எண்ணிக்கை நிற்கும் ஒரு நோய், 62 மடங்கானாலும் ஒரு தனி மனிதரின் வாழ்வில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். மற்றச் சிறுநீரகப் புற்றுநோய்களைவிட இது சாதுவானதும் கூட.

கட்டி வந்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்ற நிலையில்தான் லாட வடிவம் உண்மையில் பெரிய விஷயமாகிறது. சாதாரணமாக ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் ஒரு தமனி. அதைக் கட்டிவிட்டு வெட்டலாம். லாடச் சிறுநீரகம் பாதி வழியில் நின்றுவிட்டதால், ஏறி வந்த வழியெல்லாம் வாங்கிய பழைய இணைப்புகள் பல அறுபடாமலே இருக்கும். பெருந்தமனியிலிருந்து இரண்டு மூன்று, இடுப்புத் தமனியிலிருந்து ஒன்று, பாலத்துக்குத் தனியாக ஒன்று என்று ஆளுக்கு ஆள் மாறும். எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கத்தி வைத்தால் இரத்தப்பெருக்கு. அதனால் அறுவைக்கு முன் இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுத்து, முப்பரிமாணப் படமாக்கி, இந்த நோயாளிக்கு மட்டுமே உரிய வரைபடம் ஒன்றைத் தயார் செய்துகொள்கிறார்கள். பிறகு கட்டியுள்ள பகுதியை மட்டுமோ, பாலத்தைப் பிரித்து ஒரு பாதியை மட்டுமோ எடுத்துவிட்டு, மற்றப் பாதியை அதன் இரத்த ஓட்டம் கெடாமல் காப்பாற்றுகிறார்கள். குடலிலுள்ள வாயு மறைப்பதால் அல்ட்ராசவுண்டில் பாலம் சரியாகத் தெரியாமல் போவதுண்டு. சில நேரம் பாலத்தையே வீங்கிய நிணநீர்க்கணு என்றோ கட்டி என்றோ தவறாக எண்ணிவிடுவதும் நடக்கும். ‘கட்டி போல் இருக்கிறது’ என்று முதல் ஸ்கேனில் எழுதியதும் மனம் உடைந்துவிட வேண்டியதில்லை, சி.டி.யில் அது வெறும் பாலமாகவும் இருக்கலாம்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ லாடச் சிறுநீரகம் இருந்தால், அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். வயிற்றில் எந்த அறுவை என்றாலும், விபத்தில் வயிற்றில் அடிபட்டாலும், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். முதுகெலும்பின் மேல் கிடக்கும் பாலம் அடியில் எளிதாக நசுங்கக்கூடியது. கல்லுக்கும் தொற்றுக்கும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ஒரே ஒரு முறை இரத்தம் வந்து, வலியே இல்லாமல் தானாக நின்றுபோனாலும், ‘சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்த வாரமே சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.